இருபத்தையாயிரமும் இரவு வானமும்

மன்றத்தின் சுவரிதழில் நான் எடுத்த ஓரியன் படத்தை ஒட்டி வைத்த நாள் முதலாக, உணவு விடுதியிலும் நூலக வாயிலிலும் என்னை நிறுத்திக் கேட்பவர் பலராயினர். கேட்கப்படுவன இரண்டே கேள்விகள். "எந்தத் தொலைநோக்கியில் எடுத்தாய்?" என்பது ஒன்று. "என்ன விலை?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு, "தொலைநோக்கியே இல்லை" என்று நான் விடை கூறியதும் நண்பர்களின் முகத்தில் ஓர் ஐயம் படர்வதைக் காண்கிறேன். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படம் போலும் என்ற ஐயம்! ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கம் சொல்லி நா வறண்டு போயிற்று. ஆதலால் இம்மலரில் எழுதி விடத் துணிந்தேன். படிப்பவர் படிக்க; ஐயுறுவோர் ஒருநாள் இரவு என்னுடன் பஸ் ஏறுக.

விலையை முதலிற் சொல்லிவிடுகிறேன். என் கையில் இருந்தது இருபத்தையாயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை. இனி வரும் வழியும் இல்லை. அந்தப் பணமும் என்னுடையதன்று. என் ஆயா கட்டி வந்த சீட்டுப் பணம். சித்தூர்ப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம் என்பதைச் சென்னை நண்பர்கள் தெரிந்து கொள்க.

ஆயா ஏன் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிடின் நான் ஏன் இந்தக் கருவிகளை இப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பது விளங்காது. 1965-ஆம் ஆண்டில், ஆயா பன்னிரண்டு வயதுப் பெண்ணாக இருந்தபோது, விடியற்காலையில் மாடு அவிழ்க்கப் போன இடத்தில் கீழ்வானத்தில் ஒரு வால்மீனைக் கண்டாராம். "துடைப்பத்தை நட்டு வெச்ச மாதிரி நின்னுச்சுடா" என்பார். அது இக்கேயா - செக்கி என்னும் வால்மீன். அவ்வாண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் ஜப்பானியர் இருவர் அதைக் கண்டுபிடித்தனர். அக்டோபர் 21-இல் அது கதிரவனை மிக நெருங்கிச் சென்றது. அவ்விருவருள் இக்கேயா என்பவர் பியானோத் தொழிற்சாலையில் வேலை செய்து கொண்டே, தாமே செய்த தொலைநோக்கியால் வானத்தைத் தேடிய இளைஞர். இந்தச் செய்தியை நான் ஆயாவிடம் சொன்னபோது, தாம் கண்ட பொருளுக்கு ஒரு பெயரும் ஒரு நாளும் உண்டு என்பதில் அவருக்கு உண்டான மகிழ்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் சுச்சின்ஷான் - அட்லாஸ் என்னும் வால்மீன் விடியற்காலையில் தோன்றியது. நான் ஆயாவை மாடிக்கு அழைத்துச் சென்று கிழக்கே காட்டினேன். எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. கண்ணில் நீரழுத்த நோய். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பதே மருந்தின் வேலை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மங்கலான வெளிச்சத்தில் அவரால் எதையும் பிரித்தறிய இயலாது. ஆயினும் நேர் எதிரே ஒளியுள்ள திரையைப் பிடித்தால் நன்றாகவே பார்ப்பார். என் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். அதிலே ஒரு சிறு கறை போலத்தான் இருந்தது. "இது என்னடா, கொசு ஒட்டிக்கிச்சா?" என்றார். இரண்டு மாதம் கழித்துச் சீட்டை எடுத்து என் கையில் வைத்து, "நல்லதா ஒண்ணு வாங்கு. எனக்குத் தெரியற மாதிரி எடு. சீக்கிரம் எடு" என்றார். அந்த மூன்றாவது வாக்கியந்தான் என்னை உறங்கவிடாமற் செய்தது.

அப்பாவுக்கு இதிற் சிறிதும் உடன்பாடில்லை. எங்களுக்குப் பங்காருபாளையத்துக்கு அப்பால் இரண்டு ஏக்கர் மாந்தோப்பு. கிளிமூக்கு மாங்காய் என்று நீங்கள் சொல்வதை நாங்கள் பெங்களூரா என்போம். கூழ் ஆலைகளுக்குப் போகும் காய் அது. ஆலைக்காரர் என்ன விலை சொல்கிறாரோ அதுவே எங்கள் ஆண்டு வருமானம். "சீட்டுப் பணத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரையாவது சரி பார்க்கலாமே" என்பது அப்பாவின் கட்சி. அவர் சொன்னதில் தவறே இல்லை. அதனால்தான், வாங்கும் பொருள் ஒவ்வொன்றும் ஏன் வேண்டும் என்று அவருக்கு விடை சொல்லத் தக்கதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து கொண்டேன். இயற்பியல் தேர்வைவிடக் கடினமான தேர்வு அது.

இனிப் பொருளுக்கு வருவோம்.

வானத்தைப் படமெடுப்பதில் உள்ள தொல்லை முழுவதும் ஒரே ஒரு செய்தியிலிருந்து பிறக்கின்றது. பூமி சுழல்கின்றது. 23 மணி 56 நிமிடம் 4 வினாடியில் ஒரு சுற்று. அதாவது ஒரு வினாடிக்கு 15 வில்வினாடி. விண்மீன்களோ மிக மங்கலானவை. காமிராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்தால்தான் பதியும். திறந்து வைத்தால் புள்ளியாக இருக்க வேண்டிய மீன் கோடாக நீண்டுவிடும். இந்த இரண்டுக்கும் இடையே நடக்கும் இழுபறிதான் இக்கலை. லென்சின் குவியத் தூரம் கூடக் கூட இழுபறியும் கூடும். இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 500 என்னும் எண்ணைக் குவியத் தூரத்தால் வகுத்தால், எத்தனை வினாடி திறந்து வைக்கலாம் என்பது கிடைக்கும். நம் போன்றோர் வாங்கும் சிறு உணரியுள்ள காமிராக்களுக்குக் குவியத் தூரத்தை ஒன்றரையாற் பெருக்கிக் கொண்டு வகுக்க வேண்டும். 18 மி.மீ. லென்சுக்கு ஏறத்தாழ 18 வினாடி, 50 மி.மீ.க்கு 6 அல்லது 7 வினாடி. இந்தக் கணக்கு பிலிம் காலத்துத் தாராளக் கணக்கு. இன்றைய நுண்ணிய உணரிகளில் அதிற் பாதியே நன்று.

இப்போது தொலைநோக்கியை எண்ணிப் பாருங்கள். கடைகளில் தொடக்கநிலையாளருக்கென்று விற்கப்படும் சிறு தொலைநோக்கிகளின் குவியத் தூரம் 500, 700, 900 மி.மீ. எனப் போகும். அதே கணக்கின்படி ஒரு வினாடிகூடத் திறந்து வைக்க முடியாது. அவற்றோடு வரும் தாங்கிகளோ, மூச்சு விட்டாலே ஆடுகின்ற மெல்லிய கால்கள். நிலவைப் பார்க்கலாம், வியாழனின் நான்கு துணைக்கோள்களைப் பார்க்கலாம், சனியின் வளையத்தைக் கண்டு வியக்கலாம். பார்ப்பதற்கு அவை நல்லவையே. மங்கலான பொருளைப் படமெடுப்பதற்கு, தொலைநோக்கியைவிட அதைத் தாங்கிச் சுழற்றும் அடித்தளத்துக்கே மிகுந்த பணம் வேண்டும். அந்த அடித்தளம் பத்து, பதினைந்து கிலோ எடை இருக்கும். அதைத் தூக்கிக் கொண்டு திருப்பதிப் பேருந்து நிலையத்தில் எழுபது கிலோமீட்டர் பயணத்துக்கு இடம் பிடிக்க முயல்பவனை நான் மனமார வாழ்த்துகிறேன்.

காவலூருக்கு ஒருமுறை சென்றிருந்தேன். சவ்வாது மலையில், ஆலங்காயத்தைத் தாண்டி, காட்டுக்குள்ளே வெள்ளைக் கவிகைகள். அங்கே 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடியுடைய பெருந்தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு முதல் இருக்கின்றது. வைணு பாப்புவின் பெயர் தாங்கியது. அதைக் கண்டு மலைத்து நின்ற எனக்கு, அதைவிட மலைப்பைத் தந்தது பாப்புவின் மாணவப் பருவத்துச் செய்தி. 1949-இல் ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது, வானத்தைப் பிடித்த ஒளிப்படத் தகடு ஒன்றில் புதிய வால்மீன் ஒன்றை அவர் கண்டார். பாப்பு - போக் - நியூகர்க் வால்மீன் என்று அதற்குப் பெயர். கண்ணால் வானத்தை நோக்கிக் கண்டதன்று, படத்தில் கண்டது! கண் ஒரு நொடிக்கு மேல் ஒளியைச் சேர்த்து வைக்க மாட்டாது. தகடு சேர்க்கும், உணரியும் சேர்க்கும். என் ஆயாவின் கண்ணுக்கு நான் செய்ய நினைத்ததும் அதுவேயாதலால், தொலைநோக்கி ஆசையைக் காவலூர்க் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

காமிராவுக்குத் தாய்மாமனிடம் போனேன். சித்தூரில் அவருக்குப் படக்கூடம் உண்டு, கலியாணங்களுக்குப் படமெடுப்பவர். புதிய காமிரா வாங்கியபின் பழைய நிக்கான் டி5300 அலமாரியில் உறங்கிக் கொண்டிருந்தது. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த வகை. வானத்துக்கு அது போதுமா? போதும் என்பதே என் துணிபு. 24 மெகாபிக்சல் உணரி. உடலின் எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பின்புறத் திரையை வெளியே திருப்பி மடக்கலாம். காமிரா நேர் மேலே பார்க்கும்போது, கழுத்தை ஒடித்துக் கொண்டு தரையில் படுக்க வேண்டாத இந்த வசதியை, இரவு இரண்டு மணிக்கு அனுபவித்தவர்களே அறிவர்.

"உறவுக்காரன்கிட்ட வாங்காதே, நாளைக்குக் கெட்டுப்போனா எப்படிப் போய்க் கேட்பே?" என்றார் அப்பா. அதனால் மாமாவின் முன்னிலையிலேயே, அவர் மனம் புண்படாதபடி சிரித்துக் கொண்டே, எல்லாவற்றையும் சோதித்தேன். பழைய காமிரா வாங்கப் போகும் தோழர்களுக்கு இந்தப் பகுதி பயன்படும். மூடியைப் போட்டுவிட்டு முப்பது வினாடி படமெடுத்துப் பாருங்கள். கறுப்பாக வரவேண்டிய படத்தில் சிவப்பும் நீலமுமாகச் சில புள்ளிகள் மின்னும். ஐந்தாறு இருந்தால் பாதகமில்லை. கையளவு வாரியிறைத்தாற்போல் இருந்தால் அந்த உணரி களைத்துப் போனது என்று பொருள். லென்சின் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்து முன்புறமாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் மழைக்காலத்தில் அலமாரியில் கிடந்த லென்சுகளுக்கு வரும் நோய் அது. அடுத்த லென்சுக்கும் பரவும். ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்னும் எண்ணிக்கையைப் படக்கோப்பிலிருந்தே அறியலாம். கலியாணக் காமிராவுக்கு அந்த எண் பெரிதாகத்தான் இருக்கும். அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன். மாமா என் முதுகில் தட்டி, "மாப்ளே, நீ வானத்தைப் பார்க்க வேண்டியவன் இல்லே, வட்டிக் கடை வெக்க வேண்டியவன்" என்றார். 18–55 லென்சோடு பதினைந்தாயிரம்.

லென்சில்தான் எனக்கு ஒரு நல்வாய்ப்புக் கிட்டியது. மாமாவிடம் பழைய 50 மி.மீ. லென்சு ஒன்று இருந்தது; எஃப் 1.8 வகை, ஓட்டை பெரிது. அந்தப் பழைய வகைக்குத் தானாகக் குவியும் மோட்டார் லென்சுக்குள் இல்லை. டி5300-இன் உடலிலும் இல்லை. ஆதலால் இரண்டையும் சேர்த்தால் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது. கலியாண வீட்டில் தாலி கட்டும் நொடியைக் கையாற் குவித்துப் பிடிக்க யார் துணிவார்? எனவே அது விலை போகாமற் கிடந்தது. வானத்திலோ தானியங்கிக் குவியம் எந்த லென்சிலும் பயனில்லை. ஒளி மிக்க விண்மீன் ஒன்றைத் திரையிற் பெரிதாக்கி வைத்துக் கொண்டு, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பிறர் குறை என்று தள்ளியது எனக்குக் குறையாகவே இல்லை. மூவாயிரத்து ஐந்நூறு. எஃப் 2.8-க்குச் சுருக்கி எடுத்தால் ஓரத்து மீன்களும் சிறகு முளைக்காமல் உருண்டையாக வருகின்றன.

முக்காலிக்கு மூவாயிரத்து இருநூறு ஆயிற்று. கடைக்காரர் இதைவிட இலேசான ஒன்றைக் காட்டினார். ஒரு கிலோகூட இல்லை. கையிலெடுத்து ஒரு விரலால் தட்டினேன். நெடுநேரம் நடுங்கிக் கொண்டே இருந்தது. தூக்க எளிது என்பது வேறு, நிற்க வல்லது என்பது வேறு. இரண்டே கால் கிலோ உள்ளதை வாங்கினேன். நடுத்தண்டின் அடியில் கொக்கி இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டேன். கற்களை நிரப்பிய துணிப்பையை அதில் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது. கல்லை வீட்டிலிருந்து சுமக்க வேண்டியதில்லை அல்லவா? சித்தூர் மாவட்டத்தில் எது இல்லாவிட்டாலும் கல்லுக்குப் பஞ்சமில்லை.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தாலும் பால்வழியை எடுக்கலாம். ஆனால் 50 மி.மீ.யில் நான்கு வினாடிப் படங்கள் ஆயாவுக்குப் போதா என்று தோன்றிற்று. பூமியின் சுழற்சிக்கு எதிராகக் காமிராவைச் சுழற்றும் பின்தொடர் கருவிகள் கடையில் உண்டு. ஸ்கை வாட்சரின் ஸ்டார் அட்வென்சரர் போன்றவை. ஒரு கிலோ அளவே எடையுள்ள நல்ல கருவிகள். புதிதாக வாங்கினால் என் முழுப்பணத்தையும் விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். பணமுள்ளவர் வாங்குக. ஆயினும் நம் ஊருக்கு அவற்றில் ஒரு சிக்கல் உண்டு என்பதைத் தெரிந்து வாங்குக. இவற்றின் அச்சு வடதுருவத்தை நோக்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க நூல்கள் துருவமீனை வானத்தின் நடுவுயரத்தில் காட்டும். திருப்பதியின் அகலாங்கு 13.6 பாகை, எனவே துருவமீன் நமக்கு அடிவானத்துக்கு மேலே அந்த 13.6 பாகையில்தான் நிற்கும். அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிரெடைக் கோல் முக்காலியின் காலில் இடிக்கும். அதற்கு மேலும் ஒரு வேடிக்கை. திருப்பதிக்கு வடக்கே என்ன இருக்கிறது? திருமலை! மலையடிவாரத்தை ஒட்டி நின்று துருவமீனைத் தேடுபவனுக்கு ஏழு மலைகளுந்தாம் தெரியும். துருவமீன் அவற்றின் பின்னே ஒளிந்திருக்கும்.

நான் கொண்டது பழைய வழி. இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு திருகாணி. ஸ்காட்லாந்துக்காரரான ஹேக் என்பவர் 1975-ஆம் ஆண்டில் எழுதி உலகெங்கும் பரவிய அமைப்பு இது. கதவு திறப்பது போல மேற்பலகை கீலைச் சுற்றித் திறக்கும். திருகாணி அதைத் தள்ளும். ஆறு மில்லிமீட்டர்த் திருகாணி ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். நிமிடத்துக்கு ஒரு சுற்றாகத் திருப்பினால், பலகை பூமியின் வேகத்திலேயே திறக்க வேண்டுமானால், கீலிலிருந்து திருகாணி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? ஒரு சுற்றுக்கு 1436 நிமிடம். அதை 2π-ஆல் வகுக்க 228.5. ஆம், 228.5 மில்லிமீட்டர். காகிதத்தில் இந்த எண் வந்த இரவு, எனக்கு ஏதோ புதையல் கிடைத்தாற்போலிருந்தது.

எங்கள் ஊர் ஆசாரியிடம் இந்த எண்ணைச் சொன்னேன். அவர் தெலுங்கில், "அரை மில்லியெல்லாம் மரத்தில் எவனப்பா வைப்பான்?" என்று சிரித்தார். ஆனால் வைத்தார். அச்சுக்குச் சாய்வு கொடுக்க ஆப்பு ஒன்றும் வெட்டித் தந்தார். முப்பது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான உயரம். அதுவே நம் அகலாங்கின் சாய்வு. திருகாணியின் அடியில் ஒரு மரத்தட்டு. அதன் விளிம்பில் அறுபது கோடுகள். கைக்கடிகாரத்தின் வினாடி முள் ஓடுவதைப் பார்த்துக் கொண்டே தட்டை அதனோடு ஓட்ட வேண்டும். கீலின் ஓரமாக ஒட்டிய பேனாக் குழாய் வழியே துருவமீனைப் பார்த்து அச்சைச் சரி செய்யலாம். துருவமீன் உண்மைத் துருவத்திலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பாகை விலகியது, 50 மி.மீ. லென்சில் அரை நிமிடப் படத்துக்கு அவ்விலகல் பெரிதன்று. மலை மறைத்தால் திசைகாட்டியே போதும். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் ஒன்றரைப் பாகைக்கு மேல் வேறுபாடில்லை. மரம், கீல், திருகாணி, கூலி எல்லாம் சேர்ந்து 450 ரூபாய். பலகையின் மேல் காமிராவைத் தாங்கும் பந்துத் தலை ஆயிரத்து நூறு. இரண்டு பாட்டரி ஆயிரத்து இருநூறு. தொடாமலே ஷட்டரை இயக்கும் கம்பி 350. கூட்டிப் பாருங்கள்: 24,800. மிச்சம் இருநூறு ரூபாயைப் பஸ்ஸுக்கு வைத்துக் கொண்டேன். கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அவர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, "அந்த 450 ரூபாய்ப் பெட்டியை மட்டும் காட்டு" என்றார். நெடுநேரம் திருகித் திருகிப் பார்த்தார்.

எங்கே எடுப்பது என்பது எதனால் எடுப்பது என்பதற்குக் குறைந்ததன்று. திருமலை இரவெல்லாம் விழித்திருக்கும் ஊர். அதன் ஒளியும் திருப்பதியின் ஒளியும் சேர்ந்து நம் வளாகத்து வானத்தை வெளுத்துவிடுகின்றன. வளாகத்தை ஒட்டிய காட்டிலே சிறுத்தை வேறு உண்டு. ஆர்சிலி மலை உயர்ந்தது, குளிர்ந்தது. தங்குவதற்குப் பணம் வேண்டும். பலமநேர், குப்பம் பக்கத்துக் காடுகள் இருண்டவைதாம்; அங்கே யானைகள் நடமாடுகின்றன. யானைக்கு வழிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக் கொண்டு ஓடத்தக்க எடைதான் கையடக்கக் கருவி என்பதற்கு நான் தரும் இலக்கணம். (சித்தூர்ச் சாலையில், காதங்கியில், 1024 அலைவாங்கிகளை நட்டு வைத்து வளிமண்டலத்தை ஆராய்கிறார்கள். பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம், அவர்கள் யானைக்கு அஞ்சி ஓட வேண்டியதில்லை என்று பொறாமைப்படுவேன்.)

எனக்கு வாய்த்த இடம் எங்கள் மாந்தோப்பே. ஏப்ரல், மே மாதங்களில் காய்க்குக் காவல் இருக்க அப்பா எப்படியும் அங்கே இரவு தங்குவார். கிழக்கே சித்தூரின் ஒளி சற்றே எழும். தெற்கு நல்ல இருள். நம் நாட்டுக்குத் தெற்கு வானமே செல்வம் என்பதை மேல்நாட்டு நூல்களைப் படித்தவன் மறந்துவிடுவான். அகத்திய மீன் நமக்கு 24 பாகை உயரம் எழுகின்றது. தென்சிலுவை தெரிகின்றது. ஒமேகா செந்தாரி என்னும் விண்மீன் கூட்டம் 29 பாகை உயரம் வருகின்றது. லண்டனில் இருப்பவன் எவ்வளவு பணம் கொட்டினாலும் தன் வீட்டு மாடியிலிருந்து அதைப் படமெடுக்க மாட்டான். நமக்கோ அது மாங்காய்ப் பருவத்தில் கொட்டகைக்கு எதிரே வந்து நிற்கின்றது. மற்றபடி காலத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை: தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி மூடும் மாதங்கள் போக, டிசம்பர் இறுதி முதல் மே வரை நிலவில்லாத வாரங்களே நம்முடையவை. சனவரியில் பனி லென்சின் மேல் படியும். துணியைச் சுற்றி வைத்து அவ்வப்போது பார்க்க வேண்டும்.

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது பற்றி ஒரு சொல். முப்பது வினாடிப் படம் ஒன்றில் மணலைத் தூவினாற்போல் இரைச்சல் இருக்கும். அதே இடத்தை 64 முறை எடுத்து, கணிப்பொறியில் சேர்த்துச் சராசரி கண்டால், இரைச்சல் எட்டில் ஒரு பங்காகக் குறையும்; 64-இன் வர்க்கமூலம் எட்டு. இதைச் செய்யும் சிரில், டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்னும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. படங்களை 'ரா' வடிவிற் சேமிக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். கையாற் சுற்றும் பலகையில் பத்துக்கு மூன்று படம் கோணிப் போகும். அவற்றைத் தள்ளிவிட்டு மற்றவற்றைச் சேர்க்கலாம்.

சீஸ்டார், டுவார்ஃப் என்னும் சிறு தொலைநோக்கிகளைப் பற்றிக் கேட்கும் நண்பர்களும் உளர். சீஸ்டார் எஸ்50 என்பது இரண்டரைக் கிலோ. கைப்பேசியில் பெயரைத் தொட்டால் தானே வானத்தில் அப்பொருளைத் தேடிப் பிடித்து, தானே தொடர்ந்து, தானே அடுக்கித் தருகின்றது. ஏளனம் செய்யத் தக்கதன்று. என் கையில் அந்தப் பணம் இருந்திருந்தால், ஆயாவின் "சீக்கிரம்" என்ற சொல்லுக்காகவே அதை வாங்கியிருப்பேன் என்றும் சில நாள் எண்ணுகிறேன். ஆனால் அது பார்க்கும் சாளரம் சிறிது. வானத்தில் பல பாகை நீண்டு கிடக்கும் வாலை ஒரே படத்தில் அடக்க 50 மி.மீ. லென்சே தகுந்தது. வால்மீனுக்காகப் பணம் கொடுத்தவர் ஆயா. ஆதலால் எனக்கு இதில் தடுமாற்றம் இருக்கவில்லை.

மே மாதத்து அமாவாசையை அடுத்த ஓர் இரவில் ஒமேகா செந்தாரியை எடுத்தேன். தட்டைச் சுற்றியது யார் என்று நினைக்கிறீர்கள்? அப்பா. "உனக்குக் கை நடுங்குது, தள்ளு" என்று வாங்கிக் கொண்டார். தோப்புக்குக் காவலிருக்கும் கை, நடுங்கவில்லை. அவர் சுற்றிய படங்களில் பத்துக்கு ஒன்றுதான் கோணியது.

அந்த வாரமே படத்தை மடிக்கணினியில் திறந்து ஆயாவின் முகத்துக்கு நேரே வைத்தேன். கறுப்புத் திரையின் நடுவே உப்பைக் குவித்து வைத்தாற்போன்ற உருண்டை. சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள். ஆயா தலையைச் சற்றே சாய்த்து, பார்வை மிஞ்சியிருக்கும் இடத்துக்குத் திரையைக் கொண்டுவந்து, விரலால் அந்த உருண்டையைத் தொட்டார்.

"தெரியுதுடா" என்றார். பிறகு, "வால் எங்கே?" என்றார்.

இதற்கு வால் கிடையாது, வால்மீன் வந்தால் எடுத்துத் தருகிறேன் என்றேன். எப்போது வரும் என்று கேட்டார். பெரிய வால்மீன்கள் முன்கூட்டி ஓலை அனுப்பி வருவதில்லை. இக்கேயா - செக்கியும் கண்டுபிடிக்கப்பட்ட ஐந்தாம் வாரத்தில் கதிரவனைச் சுற்றிவிட்டது. அதனால் பாட்டரிகளை எப்போதும் நிரப்பியே வைத்திருக்கிறேன். ஆயாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்க்கிறார்கள்; சென்ற முறை பார்த்தபோது கூடவில்லை.

பை என் விடுதி அறையில், கட்டிலின் கீழே இருக்கிறது. காமிரா, இரண்டு லென்சு, முக்காலி, பலகைப் பெட்டி, ஆப்பு, டார்ச் எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டியிருக்கிறேன். அதை யாரும் அவிழ்க்க வேண்டா. மன்றத் தோழர் எவரும் ஓரிரவுக்கு எடுத்துச் செல்லலாம். இரண்டே நிபந்தனை: தனியே போகலாகாது, வால்மீன் ஒன்று வருகிறது என்று செய்தித்தாளில் கண்டால், அன்று மாலைக்குள் பையைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.